தீங்கை எண்ணியவர்கள்

2021 ஜனவரி 16 அன்று இந்தியாவில் கொரோனா தடுப்பூசி போடத் தொடங்கியபோது மக்கள் அதிகம் கேட்டது, போட்டுக்கொண்டால் உடம்புக்கு என்ன ஆகும் என்றுதான். காய்ச்சல் வருமாமே, இரண்டு நாள் எழுந்திருக்க முடியாதாமே, மாரடைப்பு வருமாமே என்று கேட்டவர்களுக்குப் பல இடங்களில் கிடைத்த பதில், ‘ஒன்றும் செய்யாது’. நல்லெண்ணத்தோடு சொன்ன பதில்தான் என்றாலும் அது உண்மையில்லை. எந்தத் தடுப்பூசியும் உடம்பில் எதையாவது செய்தே தீரும். செய்யாவிட்டால் அதைப் போட்டுப் பயனில்லை. கை வலி, காய்ச்சல், அசதி எல்லாம் பெரும்பாலானோருக்கு ஓரிரு நாளில் போய்விடும். மிக அரிதாகச் சிலருக்குப் பெருந்தீங்கும் நேரும். இந்த இரண்டையும் மறைக்காமல் சொல்வதுதான் தடுப்பூசிக்குப் பாதுகாப்பு என்பதற்கு இந்த நாட்டின் இருநூறு ஆண்டு வரலாறே சான்று. தீங்கை எண்ணிப் பார்த்து எழுதிவைத்த ஒவ்வொரு முறையும் ஊசி மேம்பட்டிருக்கிறது. எண்ணாமல் விட்டபோதும், எண்ணியதைச் சொல்லத் தாமதித்தபோதும் மக்கள் ஊசியை விட்டு விலகியிருக்கிறார்கள்.

முதலில் வந்தது பெரியம்மையைத் தடுக்கும் அம்மைப்பால். எட்வர்டு ஜென்னர் 1798-இல் வெளியிட்ட முறை 1802-இல் பம்பாய்க்கு வந்தது. அதே ஆண்டில் சென்னையிலும் குத்தத் தொடங்கினார்கள். அன்று குளிர்பதனப் பெட்டி கிடையாது. ஒரு பிள்ளையின் கையில் குத்தி, ஏழெட்டு நாளில் எழும் கொப்புளத்திலிருந்து நீரெடுத்து அடுத்த பிள்ளைக்குக் குத்துவார்கள். காய்ச்சலும் கொப்புளமும் வந்தால்தான் அம்மைப்பால் பிடித்ததாகக் கணக்கு. ஆகவே அந்தக் காலத்தில் பின்விளைவை யாரும் ஒளிக்க வேண்டியிருக்கவில்லை. ஒளிக்கப்பட்டது வேறொன்று. கைக்குக் கை ஏற்றும் முறையில் அம்மைப்பாலோடு பிற நோய்களும் ஏறின. 1861-இல் இத்தாலியின் ரிவால்ட்டா என்ற ஊரில் இப்படிக் குத்திக்கொண்ட பல பிள்ளைகளுக்குச் சிபிலிஸ் என்ற மேகநோய் தொற்றியது. இங்கேயும் பெற்றோர்கள் தங்கள் பிள்ளையின் புண்ணைக் கீறி நீரெடுப்பதை வெறுத்தார்கள். யாரென்று தெரியாத பிள்ளையின் உடம்பு நீர் தம் பிள்ளைக்குள் போவதை எதிர்த்தார்கள். அந்த எதிர்ப்பில் சாதி வெறுப்பு கலந்திருந்தது உண்மை. ஆனால் அதில் ஒரு நியாயமான அச்சமும் இருந்தது. அதிகாரிகள் அதை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் எழுதித் தள்ளினார்கள். சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ், அம்மைப்பால் நம் சாத்திரத்திலேயே உள்ளதுதான் என்று மக்களை நம்பவைக்க, அம்மனும் தன்வந்திரியும் பேசிக்கொள்வதுபோல ஒரு கதையையே புனைந்தார். குறள் மேல் பெரும் பற்றுக்கொண்ட அறிஞர் அவர், நோக்கமும் நல்லது. எனினும் கேட்டவர்களின் அச்சத்துக்கு அந்தக் கதையில் விடை இல்லை. விடை கன்றுக்குட்டியிலிருந்து அம்மைப்பால் எடுக்கும் முறையாக வந்தது. கைக்குக் கை ஏற்றுவதை 1898-இல் பிரிட்டன் சட்டத்தால் தடுத்தது. 1899-இல் கிண்டியில் கிங் நிலையம் நிறுவப்பட்டதன் முக்கிய நோக்கங்களில் ஒன்று அம்மைப்பால் தயாரிப்பு. பெற்றோர் ஏன் மறுத்தார்களோ அந்தக் காரணத்தை நீக்கியதுதான் முன்னேற்றம்.

தாமதத்தின் விலை என்ன என்பதைப் பஞ்சாபில் இருந்த முல்கோவால் என்ற கிராமம் காட்டியது. பிளேக்கைத் தடுக்க பம்பாயில் ஹாஃப்கின் கண்டுபிடித்த ஊசியை 1902 அக்டோபர் 30 அன்று அங்கே 107 பேருக்குப் போட்டார்கள். ஒரே பாட்டிலில் இருந்து மருந்து பெற்ற 19 பேர் ரணஜன்னி கண்டு இறந்தார்கள். பழி ஹாஃப்கினின் ஆய்வுக்கூடத்தின் மீது விழுந்தது. அவர் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். அந்தப் பாட்டிலைத் திறக்கும்போது உதவியாளர் ஒருவர் இடுக்கியைத் தரையில் தவறவிட்டு, அதைச் சரியாகக் கிருமி நீக்காமல் மீண்டும் பயன்படுத்தியது விசாரணையில் பதிவாகியிருந்தது. மற்ற பாட்டில்களில் இருந்து ஊசி பெற்ற எவருக்கும் ரணஜன்னி வரவில்லை. லண்டனின் லிஸ்டர் நிலையமும் கிருமி கிராமத்திலேயே புகுந்திருக்க வேண்டும் என்றது. இவ்வளவு இருந்தும் ஆவணங்கள் ஆண்டுக்கணக்கில் வெளிவராமல் கிடந்தன. 1907 ஜூலையில் ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட அறிஞர்கள் லண்டன் டைம்ஸ் நாளிதழில் கடிதம் எழுதிய பிறகே ஹாஃப்கின் மீதிருந்த களங்கம் நீங்கியது. அதற்குள் பஞ்சாபில் பிளேக் ஊசியின் மீதிருந்த நம்பிக்கை நொறுங்கிப் போயிருந்தது. அந்த 1907-ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைப் பிளேக் கொன்றது. ஊசி போட்டிருந்தால் இத்தனை பேர் பிழைத்திருப்பார்கள் என்று எண்ணிக்கை சொல்ல முடியாது. உண்மையை உடனே சொல்லியிருந்தால் பலர் போட்டுக்கொள்ள முன்வந்திருப்பார்கள் என்று மட்டும் சொல்லலாம்.

தமிழ்நாட்டுக்கு மிக நெருக்கமான வரலாறு குன்னூரில் இருக்கிறது. வெறிநாய்க்கடிக்கு மருந்து தர 1907-இல் அங்கே பாஸ்டர் நிலையம் தொடங்கியது. 1911-இல் கசௌலியில் டேவிட் செம்பிள் ஒரு முறையை உருவாக்கினார். வெறிநோய்க் கிருமி ஏற்றிய விலங்கின் (இந்தியாவில் பெரும்பாலும் ஆட்டின்) மூளையை அரைத்து, ஃபீனால் சேர்த்துக் கிருமியைக் கொன்று, அதையே ஊசியாகப் போடுவது. தொப்புளைச் சுற்றி 14 ஊசி என்று மூன்று தலைமுறைத் தமிழர்கள் சொல்லிப் பயந்தது இந்த மருந்தைத்தான். மலிவானது, எளிதில் தயாரிக்கலாம், பல லட்சம் பேரைக் காப்பாற்றியது. வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பவர் அநேகமாக இல்லை என்பதால் இந்த ஊசியின் நன்மை பற்றி எவருக்கும் ஐயம் இருக்க முடியாது. ஆனால் போட்டுக்கொண்டவர்களில் சிலருக்கு, ஊசி நடந்துகொண்டிருக்கும்போதோ முடிந்த சில நாட்களிலோ, கை கால் செயலிழந்தது, சிலர் இறந்தார்கள். சில நூறு பேருக்கு ஒருவர் முதல் சில ஆயிரம் பேருக்கு ஒருவர் வரை என்று மதிப்பீடுகள் வேறுபட்டன. அவ்வளவு வேறுபாடு வர ஒரு காரணம், எல்லா இடங்களிலும் ஒரே நேர்மையோடு எண்ணாதது. தாஞ்சியரில் பாஸ்டர் நிலையத்தை நடத்திய ரெம்லிங்கர் 1920-களில் இதைப் பற்றி விசாரித்துவிட்டு, சில நிலையங்கள் தங்களிடம் நேர்ந்த முடக்கங்களை வெளியே சொல்வதில்லை என்று எழுதினார். கசௌலியில் பணியாற்றிய மெக்கென்ட்ரிக், பிற்பாடு நாடுகளின் சங்கத்துக்காக உலகெங்கும் உள்ள பாஸ்டர் நிலையங்களின் கணக்குகளைத் திரட்டி ஆண்டுதோறும் ஒப்பிட்டார். எத்தனை பேர் பிழைத்தார்கள் என்பதோடு எத்தனை பேருக்குச் சிகிச்சையால் முடக்கம் வந்தது என்ற கணக்கும் அதில் இடம்பெற்றது. தன் மருந்தால் நேர்ந்த கேட்டைத் தானே எண்ணிக் காட்டும் வழக்கம் அன்றைய மருத்துவத்தில் அரிது. இன்றைய தடுப்பூசிக் கண்காணிப்புக்கு முன்னோடிகள் என்று நான் கருதுவது இந்தக் கணக்குப் புத்தகங்களைத்தான்.

அந்தக் கணக்கு வீண்போகவில்லை. முடக்கம் கிருமியால் வருகிறதா, ஆட்டு மூளையால் வருகிறதா என்ற கேள்விக்கு 1930-களில் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் நிலையத்தில் தாமஸ் ரிவர்ஸ் விடை கண்டார். எந்தக் கிருமியும் இல்லாத மூளைச் சாற்றைக் குரங்குகளுக்குத் திரும்பத் திரும்பச் செலுத்தியபோது அவற்றுக்கும் அதே முடக்கம் வந்தது. நரம்பைச் சுற்றியுள்ள உறையைத் தன் உடம்பே பகையென்று தாக்கிவிடுகிறது என்பது அப்படித்தான் புலனாகத் தொடங்கியது. நரம்பு உறை இன்னும் உருவாகாத எலிக்குட்டியின் மூளையில் ஊசி தயாரிக்கும் முறை 1955-இல் சிலியில் வந்தது. பிறகு மூளையே தேவைப்படாத, ஆய்வுக்கூடத்தில் வளர்த்த உயிரணுக்களில் தயாரிக்கும் ஊசி வந்தது. இன்று ஒருவர் நாய்க்கடிக்குக் கையில் நான்கைந்து ஊசி போட்டுக்கொண்டு வேலைக்குப் போக முடிகிறதென்றால், முடங்கிப்போன அந்தப் பழைய நோயாளிகளை யாரோ பதிவேட்டில் எழுதிவைத்ததும் அதற்கு ஒரு காரணம். ஆனால் இந்த வரலாற்றில் மனம் ஆறாத பகுதி ஒன்று உண்டு. ஆட்டு மூளைதான் காரணம் என்று 1930-களிலேயே தெரிந்திருந்தும், இந்தியாவில் அந்த ஊசியின் தயாரிப்பு 2004-ஆம் ஆண்டு முடிவில்தான் நின்றது. வசதி உள்ளவர்கள் தனியாரிடம் புதிய ஊசியை வாங்கிக்கொண்டார்கள். அரசு மருத்துவமனை வாசலில் நின்ற ஏழைகள் கடைசிவரை பழையதையே போட்டுக்கொண்டார்கள். தீங்கை எண்ணுவது மட்டும் போதாது, எண்ணியதன்படி பணமும் செலவிட வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று எனக்குத் தெரியவில்லை.

எண்ணச் சொல்பவர்களும் கேள்வி கேட்பவர்களும் தடுப்பூசியின் எதிரிகள் என்று ஒரு வாதம் எப்போதும் எழும். காசநோய்க்கான பிசிஜி ஊசியை 1948 முதல் கிண்டி ஆய்வுக்கூடத்தில் தயாரித்து நாடெங்கும் போட்டபோது, கடுமையான எதிர்ப்பு சென்னையில்தான் கிளம்பியது. 1955-இல், முதலமைச்சர் பதவியிலிருந்து விலகியிருந்த ராஜாஜி, பெருந்திரளாகப் பிசிஜி போடுவதை ஏன் எதிர்க்கிறேன் என்று ஒரு சிறு நூலே எழுதினார். ஆரோக்கியமான பிள்ளைகளின் உடம்பில் உயிருள்ள கிருமியைச் செலுத்துவதா என்பது அவருடைய கவலை. அந்தக் கவலை காற்றில் பிறந்ததல்ல. 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் பிசிஜியில் வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துவிட்டதால் எழுபதுக்கும் மேற்பட்ட சிசுக்கள் இறந்திருந்தன. தவறு தயாரித்த இடத்தில் நேர்ந்தது, ஊசியில் இல்லை என்று நீதிமன்றம் வரை போய் நிறுவப்பட்டது. ஆகவே பாதுகாப்பு பற்றிய ராஜாஜியின் அச்சம் மிகையானது. பிசிஜியால் பெரும்பாலான பிள்ளைகளுக்கு வந்தது இடது தோளில் ஒரு சிறு புண்ணும் தழும்பும்தான். ஆனால் இந்த ஊசி உண்மையில் எவ்வளவு காக்கிறது என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை தேடி 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில், இன்றைய திருவள்ளூர்ப் பகுதியில், இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கொண்டு உலகின் மிகப் பெரிய பிசிஜி ஆய்வு தொடங்கியது. பெரியவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்று வந்த முடிவை ஆய்வாளர்கள் ஒளிக்காமல் வெளியிட்டார்கள். அதனால் பிசிஜி ஒழிந்துபோய்விடவில்லை. சிசுக்களை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைக் காசநோயிலிருந்து அது காக்கிறது என்பதால் இன்றும் பிறந்தவுடன் போடுகிறோம்.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று இருக்கிறது. தீங்கை ஊரறியச் சொன்னால் மக்கள் மிரண்டுபோய் ஊசியையே கைவிடுவார்கள், அதனால் சாகும் பிள்ளைகள் அதிகம் என்பது அது. இதற்குச் சான்றும் நம் மாநிலத்திலேயே இருக்கிறது. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் கிராமங்களுக்குச் சென்று ஊசி போடுவதை அரசு நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டும் போடச் செய்தது. 2005-06 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் எல்லாத் தடுப்பூசிகளையும் பெற்ற குழந்தைகள் 80.9 சதவீதம். 2015-16-இல் அது 69.7 சதவீதமாகச் சரிந்தது. சரிவுக்குக் காரணங்கள் பல என்றாலும் இந்த மாற்றமும் ஒன்றாகச் சொல்லப்பட்டது. ஆனால் இந்த எண்களைக் கூர்ந்து பார்த்தால் அவை வேறொன்றைச் சொல்கின்றன. நான்கு சிசுக்களின் சாவை எந்த அரசாலும் ஊரிலிருந்து மறைக்க முடியாது. அம்மாவுக்குத் தெரியும், தெருவுக்குத் தெரியும், மறுநாள் மாவட்டத்துக்கே தெரியும். எஞ்சியிருப்பது, என்ன நடந்தது என்பதை முதலில் சொல்வது யார் என்ற கேள்விதான். 2021 ஏப்ரல் 15 அன்று நடிகர் விவேக் மக்களுக்கு ஊக்கம் தரப் பொதுவெளியில் கொரோனா ஊசி போட்டுக்கொண்டார். 17 அன்று மாரடைப்பால் காலமானார். ஊசிதான் காரணம் என்ற பேச்சு ஒரு சில மணி நேரத்தில் மாநிலமெங்கும் பரவியது. அவர் சாவுக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று தேசிய வல்லுநர் குழுவின் முடிவு வெளியானது அக்டோபரில். இடைப்பட்ட ஆறு மாதங்களில்தான் இரண்டாம் அலை இந்த மாநிலத்தின் சுடுகாடுகளை நிறைத்தது. அந்த ஆறு மாதத்தை ஆறு நாளாக்க என்ன செய்ய வேண்டும் என்று யோசிப்பதே அச்சத்துக்கு மருந்து. வாயை மூடிக்கொள்வது அந்த இடத்தை வதந்திக்கு விட்டுக்கொடுப்பதாகும்.

கொரோனா ஊசியின் கணக்கைப் பார்த்தால் இந்த வாதம் இன்னும் உறுதிப்படும். ஆஸ்ட்ராசெனகா ஊசிக்குப் பின் சிலருக்கு மூளை, வயிறு ஆகியவற்றின் நாளங்களில் இரத்தம் உறைவதும் அதே நேரத்தில் தட்டணுக்கள் குறைவதும் 2021 மார்ச்சில் ஐரோப்பாவில் கவனிக்கப்பட்டது. ஏப்ரலிலேயே ஜெர்மனியின் கிரைஃப்ஸ்வால்டில் கிரைநாகரும் அவருடைய குழுவினரும் காரணத்தை வெளியிட்டார்கள்: தட்டணுவில் உள்ள ஒரு புரதத்துக்கு எதிராக உடம்பு எதிர்ப்பொருள் உண்டாக்கிவிடுகிறது. இதனால் உடனடிப் பயன் விளைந்தது. இரத்த உறைவுக்கு வழக்கமாகத் தரும் ஹெபரினைத் தவிர்த்து வேறு மருந்து தர வேண்டும் என்று மருத்துவர்களுக்குத் தெரிந்தது, பிழைப்பவர்கள் கூடினார்கள். பிரிட்டன் முதலில் 30 வயதுக்கும், பிறகு 40 வயதுக்கும் குறைந்தவர்களுக்கு வேறு ஊசி தரலாம் என்று முடிவெடுத்தது. இங்கே அதே மருந்து கோவிஷீல்டு என்ற பெயரில் கோடிக்கணக்கானோருக்குப் போடப்பட்டது. கடுமையான 498 நிகழ்வுகளை ஆராய்ந்து, இரத்த உறைவு என ஐயுறத்தக்கவை 26, அதாவது பத்து லட்சம் ஊசிக்கு 0.61 என்று ஊசியின் பின்விளைவுகளை ஆராயும் இந்தியக் குழு 2021 மே மாதம் சொன்னது. ஊசியின் ஒவ்வாமை அதிர்ச்சியால் 68 வயது முதியவர் ஒருவர் இறந்தார் என்பதையும் அடுத்த மாதம் அதே குழு ஒப்புக்கொண்டது. போட்டபின் அரை மணி நேரம் உட்கார வைத்தது இந்த அதிர்ச்சியை உடனே கண்டறியத்தான். பிரிட்டனில் பத்து லட்சத்துக்கு நான்கு, ஜெர்மனியில் பத்து என்றிருக்க இங்கே ஒன்றுக்கும் குறைவாக இருந்தது ஏன்? நம் உடம்பின் வாகு காரணமாக இருக்கலாம். பதிவாகாமல் போனவை காரணமாகவும் இருக்கலாம். பதிவேடு முழுமையாக இருக்கும் நாட்டில் இந்த ஐயத்துக்கே இடமிராது.

பின்விளைவுகளில் பெரும்பகுதி பயத்தால் வருவது, அதைப் பேசப் பேசக் கூடும் என்றும் சொல்வார்கள். இதில் உண்மை இருக்கிறது. கொரோனா ஊசிச் சோதனைகள் பன்னிரண்டைத் தொகுத்து 2022-இல் வெளியான ஆய்வில், மருந்தே இல்லாத வெற்று ஊசி பெற்றவர்களிலும் முதல் ஊசிக்குப் பின் 35 சதவீதம் பேர் தலைவலி, அசதி போன்றவற்றைச் சொன்னது தெரியவந்தது. ஆனால் இதைக் கண்டுபிடித்ததும் எப்படி? வெற்று ஊசி பெற்றவர்களின் தலைவலியையும் ஒன்றுவிடாமல் எழுதிவைத்ததால்தான். எந்த வலி மருந்தால் வந்தது, எது அச்சத்தால் வந்தது, எது தற்செயலாக அதே வாரத்தில் வந்தது என்று பிரித்தறிய வேண்டுமானால், முதலில் எல்லாவற்றையும் கேட்டு எழுத வேண்டும். கேட்கும் முன்பே ‘அது பயம்’ என்று அனுப்பிவிட்டால் பத்து லட்சத்தில் ஒருவருக்கு வரும் மெய்யான தீங்கு அந்தக் கூட்டத்திலேயே தொலைந்துபோகும். பெரியம்மை ஊசியையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல்முறை போடும் பத்து லட்சம் பேரில் ஏறத்தாழ ஒருவர் அதனால் இறக்கிறார் என்று 1968-இல் அமெரிக்காவில் கணக்கெடுத்தார்கள். அம்மை இருந்தவரை அது ஏற்கத்தக்க விலை. அந்நாட்டில் அம்மை அற்றுப்போன பிறகு அதே கணக்கை வைத்து, 1972-இல் எல்லோருக்கும் ஊசி போடுவதை நிறுத்தினார்கள். எப்போது போட வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்ற இரண்டு முடிவுக்கும் ஒரே பதிவேடுதான் ஆதாரம்.

மிச்சம் இருப்பது கடன். ஊரைக் காக்கும் பொருட்டு எல்லோரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று கேட்கிற சமூகம், அதனால் விழுந்துபோன ஒருவரின் குடும்பத்தைத் தாங்க வேண்டும். பிரிட்டன் 1979-இலும் அமெரிக்கா 1986-இலும் இதற்கெனச் சட்டம் இயற்றின. யார் தவறு என்று நிறுவாமலே இழப்பீடு பெற அங்கே வழியுண்டு. இந்தியாவில் கொரோனா ஊசிக்குப் பின் பிள்ளைகளை இழந்த பெற்றோர் உச்ச நீதிமன்றம் சென்றபோது, இழப்பீட்டுக்குத் தான் பொறுப்பாக முடியாது, உரிமையியல் நீதிமன்றத்தை அணுகலாம் என்று 2022 நவம்பரில் மத்திய அரசு பதில் தந்தது. பத்து லட்சத்தில் ஒருவராக வீழ்ந்தவரின் வீட்டார், மருந்துக் கம்பெனியை எதிர்த்து வழக்காடி வெல்ல வேண்டும் என்பது நியாயமே அல்ல. அதே ஆண்டு மே 2 அன்று ஜேக்கப் புலியேல் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊசி போட எவரையும் வற்புறுத்தக் கூடாது என்றதோடு, பின்விளைவு அறிக்கைகளைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிட வேண்டும், தனிநபரும் தனியார் மருத்துவரும் எளிதில் பதிவுசெய்ய வழி செய்ய வேண்டும் என்றும் ஆணையிட்டது. அந்த ஆணை உயிர்பெறுவது அரசு கையில் பாதி, நம் கையில் பாதி. ஆகவே தடுப்பூசியைத் தவறாமல் போட்டுக்கொள்ளுங்கள், பிள்ளைகளுக்கும் போடுங்கள். போட்டபின் வழக்கத்துக்கு மாறாக எது தோன்றினாலும், வாட்ஸப்பில் பகிர்வதற்கு முன் கிராம சுகாதாரச் செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ போய்ச் சொல்லி, அதைப் பதிவேட்டில் எழுதும்வரை அங்கிருந்து நகராதீர்கள்.